வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நடத்தை விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பர் 23 அன்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமை வெளியிட்டது. இருபது வருடம் கடந்தும் கேமின் அசெரோத் உலகத்துக்குள் தினமும் புது ஆட்கள் வருகிறார்கள். எந்த ஆயுதம் நல்லது, எந்தப் பாஸை (பெரிய எதிரியை) எப்படி அடிப்பது என்பதற்கெல்லாம் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. சக ஆட்டக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது, நம்மிடம் ஒருவர் அத்துமீறினால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

விதிகள் எங்கே இருக்கின்றன? முழுக்கப் படித்தே ஆக வேண்டுமா?

மூன்று இடங்களில் இருக்கின்றன. கணக்கு திறக்கும்போது நாம் ஒப்புக்கொள்ளும், பிளிசார்டின் கணக்குத் தளமான பேட்டில்.நெட்டின் பயனர் ஒப்பந்தம் முதலாவது. வக்கீல் மொழியில் நீளமாக இருக்கும். கணக்கைப் பகிர்வது, பாட் (தானாகவே விளையாடும் மென்பொருள்) ஓட்டுவது, கேமுக்குள் இருப்பதை வெளியே காசுக்கு விற்பது எல்லாம் அதில்தான் தடை செய்யப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, சாட், பெயர், தொந்தரவு பற்றிய நடத்தை விதிகள். மூன்றாவது, 2022-இல் 9.2.5 பேட்ச்சோடு (கேமின் புதுப்பிப்போடு) வந்த சமூக ஒப்பந்தம். அது மிகச் சுருக்கமானது. நாகரிகமாகப் பேசு, தெரியாதவருக்கு உதவு, வெறுப்புப் பேச்சு கூடாது, அடுத்தவர் ஆட்டத்தைக் கெடுக்காதே என்பதுதான் சாரம். அதை ஏற்றுக்கொண்டால்தான் கேமுக்குள் நுழையவே முடியும்.

முதல் ஆவணத்தை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். மற்ற இரண்டையும் நிதானமாகப் படியுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.

தமிழில் திட்டினால் யாருக்குப் புரியப் போகிறது?

புரியும். ஆங்கில எழுத்தில் தமிழ்க் கெட்ட வார்த்தையை டைப் செய்துவிட்டுத் தப்பித்துவிட்டதாக நினைப்பவர்கள் நிறைய. எந்த மொழியில் எழுதினாலும் விதி ஒன்றுதான். குழுவில் இருக்கும் ஐந்து பேரில் இன்னொரு தமிழர் இருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? திட்டு வாங்கியவருக்கு வார்த்தை புரியாவிட்டாலும், தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்பது நன்றாகவே புரியும். அவர் ரிப்போர்ட் செய்துவிட்டால் சாட் பதிவு அப்படியே இருக்கிறது.

செட்டிங்கில் கெட்ட வார்த்தைகளை மறைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதை அணைத்து வைக்கலாம். ஆனால் அது படிப்பவர் தன் திரையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கான வசதி. அடுத்தவரைத் திட்டுவதற்கான அனுமதி இல்லை. பாஸ் கையில் செத்துப்போய் "சே!" என்று சலித்துக்கொள்வது வேறு, பக்கத்தில் நின்று சண்டை போட்டவரை நோக்கி வசைபாடுவது வேறு. சாதி, மதம், நிறம், நாடு, பாலினம் எதையாவது இழுத்துத் திட்டினால் நேராகக் கடுமையான வகைக்குள் போய்விடும்.

எதிரணி ஆள் என்னைத் திரும்பத் திரும்பக் கொல்கிறார். புகார் செய்யலாமா?

வார் மோடை (எதிரணியினர் உங்களை அடிக்க அனுமதிக்கும் வசதியை) நீங்களே போட்டுக்கொண்டு வெளியே போயிருந்தால், செய்ய முடியாது. அலையன்ஸ், ஹோர்டு என்ற இரண்டு அணிகளும் சண்டை போடுவதுதான் அங்கே ஆட்டம். உங்களைவிடப் பெரிய லெவல் ஆள் வந்து அடிப்பது, நீங்கள் உயிர்த்தெழும் இடத்திலேயே காத்திருந்து மறுபடி அடிப்பது எல்லாம் எரிச்சலான விஷயம்தான், ஆனால் விதிமீறல் ஆகாது. 2018-க்கு முன்னால் பிவிபி (ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்) சர்வர் என்று தனியாக இருந்தது. அதில் சேர்ந்தவர்களுக்குப் பல பகுதிகளில் வேறு வழியே கிடையாது. இப்போது அணித் தலைநகரங்களான ஸ்டார்ம்விண்டிலோ ஆர்கிரிமாரிலோ நின்று வார் மோடைப் போட்டுக்கொள்ளலாம், ஓய்வெடுக்கும் ஊர்ப்பகுதிக்குள் வந்து அணைத்துவிடலாம். பிடிக்கவில்லையா, அணைத்துவிட்டுப் போங்கள். அதில் ஒரு மானக்கேடும் இல்லை.

ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காகச் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. 2006-இல் நடந்த ஒரு சம்பவத்தை இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் பேசுகிறார்கள். நிஜ வாழ்க்கையில் இறந்துபோன ஒரு ஆட்டக்காரருக்கு அவருடைய கேம் நண்பர்கள் விண்டர்ஸ்பிரிங் பனிப்பகுதியில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். இறந்தவரின் கேரக்டரை நிறுத்தி வைத்து, ஒவ்வொருவராக வந்து மரியாதை செலுத்திக்கொண்டிருந்தார்கள். எதிரணி கில்ட் (ஆட்டக்காரர் சங்கம்) ஒன்று கூட்டமாகப் பாய்ந்து அங்கிருந்த எல்லாரையும் வெட்டிப் போட்டது, அதை வீடியோவாகவும் வெளியிட்டது. அது பிவிபி சர்வர், விதிப்படி தப்பில்லை. "பிவிபி சர்வரில் இடத்தையும் நேரத்தையும் அறிவித்துக் கூடியது அவர்கள் தவறு" என்று வாதாடுபவர்கள் இன்னமும் உண்டு. எனக்கு அந்த வாதம் எப்போதும் ஒப்பவில்லை. அங்கே நின்றவர்கள் அந்த நிமிடம் விளையாடவில்லை, துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்துதான் அடித்தார்கள்.

எதிரணிக்காரர் பேசுவதே புரியாதே, அப்புறம் எப்படித் தொந்தரவு செய்வார்?

ஹோர்டு ஆள் பக்கத்தில் நின்று டைப் செய்வது அலையன்ஸ் ஆளுக்கு ஆர்க்கிஷ் மொழியாகக் குழம்பித்தான் தெரியும். "லோல்" என்று அடித்தால் "கெக்" என்று வரும். ஆனால் கேரக்டரின் சைகைக்கு மொழி தேவையில்லை. கேமின் பழைய வடிவம் ஓடும் கிளாசிக் சர்வர்களில் 2021-இல் பர்னிங் க்ரூசேட் என்ற விரிவாக்கம் திரும்ப வந்தபோது, டீலக்ஸ் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சவாரி விலங்கு கிடைத்தது. அதன் மேல் யாராவது வந்தால் சுற்றி நின்று ஆளாளுக்கு துப்பும் சைகை செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வருடமே பிளிசார்ட் அந்தச் சைகையை இன்னொரு ஆட்டக்காரரைக் குறிவைத்துச் செய்ய முடியாதபடி மாற்றிவிட்டது. காசு செலவழித்தவரைத் துப்பினால் என்ன என்று கேட்டவர்கள் அதிகம். நிறுவனத்தின் மேல் கோபம் இருந்தால் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். துப்பு வாங்கியது ஒரு மனிதர்.

ரோல்ப்ளே சர்வரில் என் கேரக்டர் கொடூரமான வில்லன். அப்படியே பேசலாமா?

தாராளமாகப் பேசலாம், எதிரில் இருப்பவரும் அந்தக் கதையில் இருக்க ஒப்புக்கொண்டிருந்தால். அமெரிக்கப் பகுதியில் மூன் கார்டு, விர்ம்ரெஸ்ட் அக்கார்டு, ஐரோப்பியப் பகுதியில் ஆர்ஜென்ட் டான் ஆகிய சர்வர்கள் ரோல்ப்ளேவுக்கு, அதாவது கேரக்டராகவே பேசி நடிப்பதற்குப் பேர் போனவை. அங்கே சத்திரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கதை வளர்ப்பவர்கள் உண்டு. வில்லன் இல்லாமல் கதை நகராது. ஆனால் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் பாஞ்சாலியை எவ்வளவு ஏசினாலும், பாஞ்சாலி வேஷம் கட்டியவருக்கு உண்மையிலேயே மயக்கம் வந்தால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார் அல்லவா, அந்தத் தெளிவு வேண்டும். ஏச்சு கேரக்டரோடு நிற்க வேண்டும், அதை இயக்கும் ஆளைத் தொடக் கூடாது.

இதற்கென்று ஆட்டக்காரர்களே வைத்திருக்கும் வழக்கங்கள் சில. ஆளாகப் பேச வேண்டியிருந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள்: ((ஐந்து நிமிடம், அம்மா கூப்பிடுகிறார்)). டோட்டல் ஆர்பி 3 போன்ற ஆட்ஆன் (கூடுதல் மென்பொருள்) போட்டிருந்தால், கேரக்டரின் தோற்றத்தையும் பின்கதையையும் எழுதி வைக்கலாம். இப்போது கேரக்டராக இருக்கிறேனா, இல்லையா என்றும் அதில் காட்டலாம். அந்தக் குறிப்பில் "முதுகில் அடிமை முத்திரை" என்று ஒருவர் எழுதியிருப்பதை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பதற்காக, சட்டைக்குள் இருக்கும் முத்திரை உங்கள் கேரக்டருக்குத் தெரிந்துவிடாது.

முக்கியமான வழக்கம், அடுத்தவர் கேரக்டருக்கு என்ன ஆனது என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. சைகையாக "அவள் கையை வெட்டி எறிகிறான்" என்று எழுதினால் எதிராளிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. "அவள் கையைக் குறிவைத்துக் கத்தியை வீசுகிறான்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். விலகினாளா, வெட்டு விழுந்ததா என்பதை அவர் எழுதட்டும். நல்ல ரோல்ப்ளே அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. இவையெல்லாம் நிறுவனத்தின் விதிகள் அல்ல, மீறினால் யாரும் பான் (கணக்குத் தடை) செய்யப் போவதில்லை. ஆனால் மீறுகிறவரோடு இரண்டாவது முறை யாரும் உட்கார மாட்டார்கள்.

எதிராளி இரட்டை அடைப்புக்குறிக்குள் "இது வேண்டாம்" என்று எழுதிய பிறகும் "என் கேரக்டர் அப்படித்தான்" என்று தொடர்ந்தால், அது வழக்கத்தை மீறுவதோடு நிற்காது, தொந்தரவாகிவிடும். ரிப்போர்ட் வந்தால் கேரக்டர் மேல் பழி போட முடியாது.

கோல்ட்ஷைர் பக்கம் போகாதே என்கிறார்களே, ஏன்?

மூன் கார்டு சர்வரில் கோல்ட்ஷைர் சத்திரம் ஆபாச ரோல்ப்ளேவுக்குப் பேர் வாங்கிய இடம். 2010-இல் அந்த இடத்தைக் கண்காணிக்கப் போவதாக பிளிசார்ட் அறிவிக்கிற அளவுக்குப் போனது. அலையன்ஸ் மனித கேரக்டர் ஆரம்பிக்கும் பகுதியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் ஊர் அது என்பதுதான் சிக்கல். 2020 வரை, புதிதாகச் சேர்ந்த சிறு பையனும் பெண்ணும் முதலில் போய் நிற்கும் சத்திரம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்தது. பொது சாட்டில் ஆபாசம் எழுதுவது விதிமீறல். கேட்காமலே தனிச்செய்தியில் அனுப்புவதும் அப்படியே. எதிராளி சிறார் என்று தெரிந்தோ சந்தேகம் வந்தோ தொடர்வதற்கு எந்த மன்னிப்பும் இல்லை.

கேரக்டருக்கு எந்தப் பெயரும் வைக்கலாமா?

ஆபாசம், வெறுப்பு, நிஜ ஆட்களைக் கேலி செய்வது கூடாது. ரிப்போர்ட் வந்து உறுதியானால் பெயர் மாற்றச் சொல்வார்கள். கில்ட் பெயருக்கும் இதேதான்.

கேமுக்குள் புழங்கும் பணமான கோல்டை நிஜக் காசு கொடுத்து வாங்கலாமா?

ஒரே ஒரு வழியில் வாங்கலாம். 2015 ஏப்ரலில் வந்த வாவ் டோக்கன். அமெரிக்காவில் 20 டாலர் கொடுத்து டோக்கன் வாங்கி, கேமின் ஏல மன்றத்தில் போட்டால் கோல்டு வரும். அதை கோல்டு கொடுத்து வாங்கும் இன்னொருவருக்கு 30 நாள் ஆட்ட நேரமோ, பேட்டில்.நெட் கணக்கில் இருப்போ கிடைக்கும். மற்றபடி வெளியாரிடம் வாங்குவது, விற்பது இரண்டுமே தடை.

"நான் வாங்குவதால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பவர்கள் அந்த கோல்டு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஒரு பகுதி, இரவும் பகலும் மனிதர் இல்லாமல் ஓடும் பாட்கள் அள்ளியது. உண்மையான ஆட்டக்காரர் மூலிகை பறிக்கப் போனால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இன்னொரு பகுதி, பாஸ்வேர்டு திருடப்பட்ட கணக்குகளைச் சுரண்டியது. அந்தக் கேரக்டர்களின் பையும் பெட்டகமும் காலி செய்யப்பட்டு, அதுதான் உங்களுக்கு மலிவாக வருகிறது. 20 லெவல் வரை இலவசமாக விளையாடும் கணக்குகளால் மெயில் அனுப்ப முடியாது, ஏல மன்றத்தைப் பயன்படுத்த முடியாது, பார்த்தவருக்கெல்லாம் தனிச்செய்தி அனுப்ப முடியாது. கோல்டு வியாபாரிகள் செய்த அட்டூழியத்துக்குப் புதியவர்கள் கட்டும் அபராதம் அது.

கிளாசிக்கில் ஜிடிகேபி என்று ஒரு முறை பரவியது. ரெய்டில் (பெரிய குழுவாகப் போய் பாஸை அடிக்கும் சண்டையில்) விழும் பொருளை உறுப்பினர்களுக்குள் கோல்டுக்கு ஏலம் விட்டு, கடைசியில் தொகையைப் பங்கு போடுவார்கள். முறையில் நேர்மை உண்டு, ஆனால் ஏலத்தில் ஜெயிக்க வெளியே கோல்டு வாங்குபவர்கள் பெருகினார்கள். கிளாசிக்கின் ஒரு வகையான சீசன் ஆஃப் டிஸ்கவரியின் இரண்டாம் கட்டத்தில், 2024 பிப்ரவரியில் பிளிசார்ட் அதைத் தடை செய்தது. நியாயமான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

கோல்டு வாங்கிக்கொண்டு அடுத்தவரை டஞ்சனில் (சிறு குழுவாகப் போகும் சண்டைக்களத்தில்) தூக்கிச் செல்வது தப்பா?

நீங்களோ உங்கள் கில்டோ, கேம் கோல்டுக்கு மட்டும், உங்கள் சர்வரின் சேவைகள் சேனலில் அறிவித்துச் செய்தால் தப்பில்லை. நிஜக் காசு வந்தால் உடனே தப்பு. பல சர்வர்களுக்கு ஆள் சேர்த்து, தரகு வைத்து நடத்தும் பெரிய பூஸ்டிங் (இப்படித் தூக்கிச் செல்லும்) கூட்டமைப்புகளை 2022 ஜனவரியில் தடை செய்துவிட்டார்கள்.

இரண்டு மூன்று கணக்கு வைத்து ஒரே நேரத்தில் விளையாடலாமா?

விளையாடலாம். ஆனால் ஒரு கீயை அழுத்தினால் எல்லாக் கேரக்டரும் ஒன்றாக இயங்கும்படி செய்யும் மென்பொருள் 2020 நவம்பரிலிருந்து கூடாது.

கேமில் ஒரு பக் (மென்பொருள் பிழை) கண்டேன். பயன்படுத்தினால் என் தப்பா, அவர்கள் தப்பா?

பக் அவர்கள் தப்பு. தெரிந்தே ஆதாயம் எடுத்தால் அது உங்கள் தப்பு. 2010 பிப்ரவரியில் லிச் கிங் பாஸை 25 பேர் ரெய்டில் உலகிலேயே முதலில் வீழ்த்திய என்சிடியா கில்டுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்தச் சண்டையில் மேடையின் ஓரங்கள் இடிந்து விழும், நிற்க இடம் குறையும். அவர்களில் ஒருவர் வீசிய சரோனைட் குண்டுகள் இடிந்த மேடையை மறுபடி முளைக்க வைத்தன. அந்தக் குண்டு யாரும் செய்து பயன்படுத்தும் சாதாரணப் பொருள்தான், வேண்டுமென்றே செய்யவில்லை என்று கில்ட் சொன்னது. ஆனாலும் 72 மணி நேர பான், வெற்றியும் பொருளும் பறிப்பு. கடுமையான தீர்ப்பு என்று அப்போதே பேச்சு எழுந்தது. வினோதமாக ஏதாவது நடந்தால் நிறுத்திவிட்டு உடனே பக் ரிப்போர்ட் போடுவதுதான் பாதுகாப்பு.

பக்கை வைத்து அடுத்தவரை வதைப்பது இன்னும் மோசம். 2005 செப்டம்பரில் ஸுல்குருப் ரெய்டு வந்தபோது, ஹக்கார் என்ற பாஸ் போடும் தொற்றுச் சாபம் அந்த அறைக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்கு வழியாக அது ஊருக்குள் வந்துவிட்டது. கடைத்தெருவில் நின்ற சிறு லெவல் ஆட்கள் வந்த வேகத்தில் விழுந்து செத்தார்கள். தெருவெல்லாம் எலும்புக்கூடு. ஓடி ஓடிக் குணப்படுத்தியவர்களும் இருந்தார்கள், வேண்டுமென்றே தொற்றோடு ஊர் ஊராகப் போய்ப் பரப்பியவர்களும் இருந்தார்கள். நிஜத் தொற்றுநோயில் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்பதற்குப் பாடமாக 2007-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றிக் கட்டுரையே வந்தது.

டஞ்சனில் ஒருவர் சரியாக ஆடவில்லை. வாக்கெடுத்து வெளியேற்றலாமா?

வேலை செய்யாமல் சும்மா நிற்கிறார், வேண்டுமென்றே கூடுதல் எதிரிகளை இழுத்து விடுகிறார் என்றால் வெளியேற்றலாம். முதல்முறை வந்திருக்கிறார், வழி தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுங்கள். "அந்த நீல வட்டத்தில் நிற்காதீர்கள்" என்று ஒரு வரி போதும், பெரும்பாலும் அடுத்த முறையே சரியாகிவிடும். அந்த வரியை எழுதாமல் "தூக்கு அவனை" என்று வாக்கெடுப்பு போடுபவர்களால்தான் டேங்க் (அடி தாங்குபவர்), ஹீலர் (குணப்படுத்துபவர்) வேலைக்குப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். அதில் விதிமீறல் இல்லாவிட்டாலும், வெளியேற்றும்போது வசைபாடினால் அது சாட் விதிக்குள் வந்துவிடும்.

நான் பெண் என்று தெரிந்ததிலிருந்து ஒருவர் விடாமல் செய்தி அனுப்புகிறார். என்ன செய்வது?

பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மரியாதைக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் விலகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவருடைய பெயர் மேல் வலது க்ளிக் செய்து ரிப்போர்ட் கொடுங்கள், அடுத்து இக்னோர் செய்யுங்கள். வேறு கேரக்டரில் திரும்ப வந்தால் அதையும் ரிப்போர்ட் செய்யுங்கள், தடை செய்த பிறகும் தேடி வருவது தொந்தரவை இன்னும் உறுதிப்படுத்தும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. கில்ட் தலைவரிடமும் சொல்லுங்கள். "அவன் நல்ல டிபிஎஸ் (எதிரிகளை அடிப்பவன்), விட்டுவிடு" என்று பதில் வந்தால், அந்த கில்டில் இருக்க வேண்டாம்.

நண்பராகச் சேர்க்கும்போது பேட்டில்டேக் (கணக்கின் புனைபெயர்) மட்டும் கொடுங்கள். ரியல் ஐடி கொடுத்தால் உங்கள் நிஜப்பெயர் அவருக்குத் தெரியும். 2010 ஜூலையில் நிறுவனத்தின் மன்றங்களில் எல்லாரும் நிஜப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று ஒரு திட்டத்தை பிளிசார்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே கைவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது உங்கள் நிலைமையைத்தான். கேமுக்குள் ஆரம்பிக்கும் தொந்தரவு வீட்டு வாசலுக்கு வர நிஜப்பெயர் போதும். அடுத்தவரின் நிஜப்பெயர், ஊர், போன் நம்பர், போட்டோ எதையும் சாட்டில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நிஜ வாழ்க்கையில் மிரட்டல் வந்தால் கேம் ரிப்போர்ட்டோடு நிற்காதீர்கள், போலீசில் புகார் கொடுங்கள்.

ரிப்போர்ட் செய்தால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

சாட் அத்துமீறல் உறுதியானால் முதல் தண்டனை 24 மணி நேர வாயடைப்பு. பொது சேனல்களில் பேச முடியாது, மெயில் அனுப்ப முடியாது, ஆட்களைக் குழுவுக்கு அழைக்க முடியாது. அடுத்த தடவை அது இரட்டிப்பாகும், அதற்கடுத்து மறுபடி இரட்டிப்பு, உச்ச வரம்பு கிடையாது. ஐந்தாவது தடவை என்றால் 16 நாள். பெரிய குற்றத்துக்கு கணக்கையே முடக்குவார்கள். அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்ற விவரம் உங்களுக்கு வராது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் பிடிக்காதவரைக் கூட்டம் சேர்ந்து பொய்யாக ரிப்போர்ட் செய்வதும் விதிமீறல்தான். ஏல மன்றத்தில் உங்களைவிட விலை குறைத்துப் போட்டவர் குற்றவாளி இல்லை.

ஹார்ட்கோர் சர்வரில் நெட் போய்ச் செத்துவிட்டேன். கேரக்டர் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. 2023 ஆகஸ்டில் வந்த அதிகாரப்பூர்வ ஹார்ட்கோரில் ஒரே உயிர், காரணம் எதுவானாலும் போனது போனதுதான். ஒரு விதிவிலக்கு நடந்தது. 2025 மார்ச்சில் சர்வர்கள் மேல் டிடாஸ் (போலி இணைப்புகளால் திணறடிக்கும்) தாக்குதல் நடந்து, ரெய்டின் நடுவே நிறைய பேர் செத்தார்கள். கெட்ட எண்ணத்தோடு தாக்கியவனால் வந்த சாவு என்று அவர்களை பிளிசார்ட் உயிர்ப்பித்தது. உங்கள் வீட்டு ரவுட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

என்னைத் தவறாக பான் செய்துவிட்டார்கள். எங்கே முறையிடுவது?

பேட்டில்.நெட் உதவிப் பக்கத்தில் மேல்முறையீட்டு டிக்கெட் போடுங்கள். என்ன நடந்தது என்பதைத் தேதியோடு நாலு வரியில் எழுதுங்கள். பார்ப்பவரிடம் சாட் பதிவு இருக்கிறது, அதனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று எழுதாதீர்கள். கணக்கு திருடப்பட்ட நேரத்தில் நடந்தது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

என் கணக்கில் என் மகள் விளையாடலாமா?

கணக்கைப் பகிரக் கூடாது என்ற விதிக்கு ஒரே விலக்கு இதுதான். பெற்றோர் தன் கணக்கை 18 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையோடு பகிரலாம். அண்ணன், நண்பன், கில்ட்காரர் யாருக்கும் இது பொருந்தாது. அவள் செய்வதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. அதனால் தனிக் கணக்கு திறந்து, பேட்டில்.நெட்டின் பெற்றோர் கட்டுப்பாட்டில் நேரத்தையும் சாட்டையும் வரையறுத்துக் கொடுப்பது மேல். முதல் சில வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே விளையாடுங்கள். யாராவது வயது கேட்டால், ஊர் கேட்டால், வேறு ஆப்புக்குப் பேச வரச் சொன்னால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது, கேமும் பறிபோகாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ரிப்போர்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்பதையும் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.